சின்ன ஏரியின் கரையை எப்படிப் பார்ப்பது

பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற இடத்தில் ஒரு மண் அணை இருந்தது. உயரம் 72 அடி, நீளம் 930 அடிக்குச் சற்று மேல். கால்வாய்ப் போக்குவரத்துக்காக மாநில அரசு கட்டியது. ரயில் வந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போனது. பல கை மாறி, 1879இல் பிட்ஸ்பர்க் செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டை மன்றத்தின் கைக்கு வந்தது. பெரும் தொழிலதிபர்களான ஆண்ட்ரூ கார்னகியும் ஹென்றி ஃபிரிக்கும் அதில் உறுப்பினர்கள். குதிரை வண்டி போகவர வசதியாக இருக்கட்டும் என்று கரையின் உச்சியைச் சில அடி தாழ்த்தினார்கள். ஏரியில் விட்ட மீன் தப்பிப் போகக் கூடாதென்று கலங்கலின், அதாவது மிஞ்சிய வெள்ளம் வழிந்தோடும் வாயின், குறுக்கே கம்பி வலை வைத்தார்கள். அடியில் தண்ணீரை இறக்குவதற்கு இருந்த ஐந்து இரும்புக் குழாய்களை முந்தைய உரிமையாளரே பிடுங்கிப் பழைய இரும்புக்கு விற்றிருந்தார். மன்றம் அவற்றைத் திரும்பப் பதிக்கவில்லை.

1880இல் ஜான்ஸ்டவுன் இரும்பாலையின் பொறியாளர் ஜான் ஃபுல்டன் அணையைப் பார்த்துவிட்டு இரண்டு பெரிய குறைகளை எழுதினார். ஒன்று, ஏரியை இறக்க வழி இல்லை. இரண்டு, பழைய உடைப்பைச் சரியாக அடைக்காததால் பெரிய கசிவு இருக்கிறது. எழுதியதோடு சரி, எதுவும் நடக்கவில்லை. 1889 மே 31 அன்று பெருமழையில், நடுவில் தாழ்ந்து கிடந்த கரையின் மேல் தண்ணீர் ஏறி வழிந்தது. பிற்பகல் மூன்று மணியளவில் கரை போனது. ஆற்று வழியில் 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுனில் இறந்தவர் கணக்கு 2,209.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஏரியை அழகாக, வசதியாக வைத்துக்கொள்ளச் செய்யும் காரியங்கள்தான் பெரும்பாலும் கரையைக் கெடுக்கின்றன. மீன் வலை, கரைமேல் பாதை, நிழலுக்கு மரம், படகுத்துறைக்கு வசதியாக அரை அடி கூடுதல் தண்ணீர், ஏரியை இறக்க அடியில் வைத்து, பல வருடம் திறக்காமல் விட்ட வால்வு என்று பட்டியல் நீளும். இன்றும் சின்னத் தனியார் ஏரிகளில் பார்க்கக் கிடைப்பவை இவையேதான்.

அமெரிக்காவின் தேசிய அணைப் பட்டியலில் 90,000க்கு மேற்பட்ட அணைகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் தனியாருக்குச் சொந்தம். எதற்காகக் கட்டியது என்று கேட்டால் அதிகம் வரும் பதில் பொழுதுபோக்கு. அட்லாண்டா, சார்லட் புறநகர்களில் வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு வீட்டுக்குப் பின்னால் ஓர் ஏரி சேர்ந்தே வருகிறது. அது இயற்கை ஏரி என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே பெரும்பாலும் அது ஓர் ஓடையை மறித்துப் போட்ட செம்மண் கரை. அதன் சொந்தக்காரர் எச்ஓஏ எனும் வீட்டுரிமையாளர் சங்கம், அதாவது அங்கே வீடு வைத்திருக்கும் எல்லோரும். பழுதுக்குப் பணம் கட்டுவதும், உடைந்தால் பதில் சொல்வதும் அவர்கள் தலையில்தான் விழும்.

ஜார்ஜியாவில் இதற்குச் சட்டம் வந்த கதையும் இப்படி ஒரு சின்ன ஏரியில்தான் தொடங்குகிறது. டொக்கோவா அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் அணை இருந்தது. சுமார் 40 அடி உயரம், 400 அடி நீளம். ஒரு பைபிள் கல்லூரிக்குச் சொந்தமானது. முதலில் மரச்சட்டமும் கல்லுமாக இருந்ததன் மேல் மண்ணைக் கொட்டி, பிறகு இன்னும் உயர்த்தி, 1957 வரை மின்சாரம் எடுத்தார்கள். அதன்பின் அது வெறும் பொழுதுபோக்கு ஏரி. வெளிச்சரிவு அளவுக்கு மீறிச் செங்குத்து. அதில் மரங்கள் அடர்ந்திருந்தன. அந்தச் சரிவில் ஒரு பகுதி ஏற்கெனவே சரிந்திருந்தது 1973இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் தெரிந்தது. 1977 நவம்பர் 6, அதிகாலை ஒன்றரை மணியளவில், தொடர் மழைக்குப் பின் கரை உடைந்து கீழே தூங்கிக்கொண்டிருந்த 39 பேர் இறந்தார்கள். விசாரித்தவர்களுக்கு அணையின் வரைபடம்கூடக் கிடைக்கவில்லை. இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் அவர்கள் சுட்டவில்லை. செங்குத்தான சரிவு, கசிவு, உள்ளரிப்பு, ஊறிப்போன மண் எல்லாம் சேர்ந்து கரையைக் கொண்டுபோனதாகவே எழுதினார்கள். மறு ஆண்டே ஜார்ஜியா அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டப்படி 25 அடி உயரமோ 100 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி நீர் நின்றால் ஓர் ஏக்கர்-அடி) கொள்ளளவோ உள்ள அணைகள் மாநிலத்தின் பார்வைக்குள் வரும். உடைந்தால் உயிர்ப்பலி நேரலாம் என்றால் முதல் வகை, இல்லையென்றால் இரண்டாம் வகை. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். வகை என்பது கரையின் நிலையைச் சொல்வதில்லை, கீழே யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. நேற்றுவரை மாட்டுப் பண்ணையாக இருந்த பள்ளத்தில் இன்று ஒரு வீடு எழும்பினால், கரையில் ஒரு கைப்பிடி மண்கூட மாறாமலேயே இரண்டாம் வகை முதல் வகையாகிவிடும். அன்றிலிருந்து கலங்கல் தாங்க வேண்டிய வெள்ளத்தின் அளவும், அதனால் செலவும் கூடும்.

கரையைப் பார்ப்பதற்கு நல்ல நேரம் குளிர்காலத்தின் கடைசி. இலை உதிர்ந்திருக்கும், புல் குட்டையாக இருக்கும். காலையோ மாலையோ வெயில் சாய்ந்திருக்கும்போது போனால் சின்னப் பள்ளமும் நிழல் காட்டும். புல்லை வெட்டாமல் பார்த்தால் பார்த்ததாகவே ஆகாது. கையில் டேப், கண்ணாடி ஜாடி, மரக்குச்சிகள், சுத்தியல், டார்ச், ரப்பர் பூட்ஸ், போன வருடக் குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். உச்சியில் ஒரு நடை, உள்சரிவில் ஒரு நடை, வெளிச்சரிவில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு நடை. கடைசியாகக் கரையின் அடியை ஒட்டி முழு நீளத்துக்கும் நடக்க வேண்டும். கரை இயற்கை மேட்டோடு சேரும் இரண்டு ஓரங்களையும் விடக்கூடாது. மண் சரியாக இறுகாத இடங்கள் பெரும்பாலும் அவைதான், கசிவு அங்கே முதலில் தலைகாட்டும். ஒவ்வொரு வருடமும் அதே இடங்களில் நின்று படம் எடுத்து வைத்தால், மாற்றம் தானாகத் தெரியும்.

உச்சியில் பார்க்க வேண்டியது மட்டம். கரையின் உயரம் என்பது அதன் மிகத் தாழ்ந்த புள்ளியின் உயரம்தான். வண்டித்தடம், நடந்து நடந்து தேய்ந்த வழி, தானாக அமுங்கிய நடுப்பகுதி என்று எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். வாடகைக்குக் கிடைக்கும் லேசர் லெவலை வைத்து 25 அடிக்கு ஒரு புள்ளியாக அளந்து தாளில் கோடு வரைந்தால் ஒரு மதியத்தில் வேலை முடிந்துவிடும். நடு தாழ்ந்திருந்தால், பெருவெள்ளத்தில் தண்ணீர் முழு நீளத்துக்கும் மெல்லப் பரவாமல் அந்த ஒரே இடத்தில் குவிந்து வழியும், அங்கேயே மண்ணை வெட்டிக்கொண்டு இறங்கும். சவுத் ஃபோர்க்கில் நடந்தது அதுதான். தாழ்வை நிரப்பும்போது மேல்புல்லைச் செதுக்கிவிட்டு, களிமண் கலந்த மண்ணை ஆறாறு அங்குல அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். ஜல்லியை மட்டும் கொட்டி மட்டமாக்கினால் கண்ணுக்கு நிரம்பியிருக்கும், ஆனால் தண்ணீர் அதன் ஊடே போய்விடும்.

விரிசல் இருந்தால் அதன் திசையைப் பாருங்கள். கரையின் நீளவாட்டில், வளைந்து, ஒரு பக்கம் அரை அங்குலமாவது இறங்கியிருந்தால் சரிவு நகர்கிறது என்று அர்த்தம். குறுக்குவாட்டில் ஓடும் விரிசல் அதைவிட மோசம், ஏரியிலிருந்து வெளியே நேராகத் திறந்த வழி அது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி அடித்து இடைவெளியை அளந்து தேதியோடு எழுதிவைத்துவிட்டு, அன்றே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். கோடையில் செம்மண்ணில் வலைபோல் விழும் மேலோட்டமான வெடிப்பு வேறு. மழையில் அது மூடிக்கொள்ளும்.

கசிவுக்கு வருவோம். மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தத் தண்ணீர் மண்ணைக் கொண்டுபோகிறதா என்பதுதான் கேள்வி. கண்ணாடி ஜாடியில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் கரை உள்ளிருந்து அரிபடுகிறது. ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று படிந்திருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். அது பெரும்பாலும் இரும்புப் பாக்டீரியா. விரல்களுக்கிடையில் தேய்த்தால் வழுவழுவென்று இருக்கும், மண் என்றால் நறநறக்கும். கரையின் அடியில் கோரையும் நாணலும் ஒரு திட்டாக முளைத்திருந்தால், காலில் ஈரம் படாவிட்டாலும் அங்கே கசிவு இருக்கிறது.

அளவு தெரியாமல் கசிவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. கொஞ்சமாக வந்தால் ஒரு வாளியும் கடிகாரமும் போதும். கொஞ்சம் அதிகமென்றால் கசிவு நீரை ஓர் ஓடையில் சேர்த்து, 90 பாகை முக்கோண வெட்டு உள்ள தகட்டைக் குறுக்கே நிறுத்தலாம். வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் 2 அங்குலம் நின்றால் நொடிக்குச் சுமார் 0.8 லிட்டர் போகிறது, 4 அங்குலம் நின்றால் சுமார் 4.5 லிட்டர். உயரம் இரு மடங்கானால் அளவு ஐந்து மடங்குக்கு மேல் ஏறும் என்பதால், கண்ணால் பார்த்து 'கொஞ்சம்தான் கூடியிருக்கு' என்று சொல்வதை நம்ப முடியாது. உயரத்தை அளக்கும் இடம் தகட்டுக்குச் சற்றுப் பின்னால், நீர் அமைதியாக இருக்கும் இடமாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் ஏரியின் மட்டத்தையும் முந்தின நாள் மழையையும் பக்கத்தில் எழுதுங்கள். ஏரி மட்டம் அதேதான், மழையும் இல்லை, கசிவு மட்டும் கூடுகிறது என்றால் உள்ளே ஏதோ வழி திறக்கிறது. திடீரென்று குறைவதும் நல்ல செய்தி என்று சொல்ல முடியாது, வழி வேறு பக்கம் மாறியிருக்கலாம்.

கரையின் அடியில் தண்ணீர் குமிழி போலப் பொங்கி, சுற்றிலும் மணல் வளையம் கட்டினால் அது அவசரம். களிமண்ணைத் திணித்து அடைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தவறு அங்கேதான். அடைத்தால் தண்ணீர் இன்னோர் இடத்தில் இன்னும் வேகமாகக் கிளம்பும். தண்ணீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். கான்கிரீட்டுக்குப் போடும் கழுவிய மணல் ஒரு அடுக்கு, அங்கே சி-33 என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன்மேல் பட்டாணி அளவுச் சரளை, அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி. மணல் நிற்காமல் அடித்துக்கொண்டு போகும் அளவு வேகம் இருந்தால், சுற்றி மணல் மூட்டையால் வளையம் கட்டி, வெளியே வரும் நீர் தெளியும் வரைக்கும் மட்டும் உயர்த்தலாம். கூடவே ஏரியை இறக்கத் தொடங்க வேண்டும். இறக்க முடியாத ஏரியில் இந்த இடத்தில்தான் கை கட்டிப்போகிறது.

குழாய்தான் இந்த ஏரிகளின் பெரிய நோய். 1950களிலிருந்து கட்டிய கரைகள் பலவற்றில் ஒரே அமைப்புதான். ஏரிக்குள் ரைசர் எனும் செங்குத்துக் குழாய், அதன் அடியிலிருந்து கரைக்குள் புகுந்து வெளியே வரும் கிடைக்குழாய். பெரும்பாலும் துத்தநாகம் பூசிய நெளிவுத் தகட்டுக் குழாய், 18, 24, 30 அங்குலம். அதற்கு இருபது வருடமோ, நல்ல தண்ணீரில் நாற்பது ஐம்பது வருடமோ ஆயுள். கரை அதற்கு மேலும் நிற்கிறது. துரு முதலில் கிடைக்குழாயின் அடிப்பக்கத்தையும் ரைசரில் நீர்மட்டக் கோட்டையும் தின்னும். ஓட்டை விழுந்ததும் இரண்டில் ஒன்று நடக்கும். குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்போது தண்ணீர் வெளியேறிச் சுற்றியுள்ள மண்ணைக் கழுவும். அழுத்தம் இல்லாதபோது சுற்றியுள்ள ஈரமண் ஓட்டை வழியாக உள்ளே விழுந்து போய்விடும். ஒருநாள் கரையின் மேல், குழாய்க்கு நேர் மேலே, வாளி அளவுக்கு ஒரு குழி விழும். அதில் மண்ணைப் போட்டு மூடிப் புல் நடுபவர்கள் உண்டு. அந்தக் குழி கரைக்குள்ளே இருக்கும் பெரிய பொந்தின் கூரை இடிந்தது என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. மழையில்லாத காலத்தில் ஏரி மட்டம் ரைசரின் வாய்க்குக் கீழே இறங்கியிருக்கும்போது வெளிப்பக்கக் குழாய் வாயைப் போய்ப் பாருங்கள். அது காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் வந்துகொண்டிருந்தால் ஒன்று அடி வால்வு ஒழுகுகிறது, அல்லது குழாயிலோ ரைசரிலோ ஓட்டை. தண்ணீர் மண் கலங்கி வந்தால் காத்திருக்க நேரமில்லை. டார்ச் அடித்தும் பார்க்கலாம். பக்கவாட்டில் பீய்ச்சும் நீர், விலகிய இணைப்பு, உள்ளே மண்மேடு இவை மூன்றும் கெட்ட அடையாளங்கள். ஆனால் எந்தக் காரணத்துக்கும் ஆள் உள்ளே நுழையக் கூடாது, காற்று இல்லாத இடம் அது. சக்கரக் கேமரா அனுப்பிப் பார்க்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது அதைச் செய்ய வேண்டும்.

சரிசெய்ய இரண்டு வழி. ஏரியை வடித்துக் கரையைத் திறந்து புதுக்குழாய் வைப்பது ஒன்று. பழையதற்குள் சற்றுச் சிறிய பிளாஸ்டிக் குழாயைச் செருகுவது இன்னொன்று. செருகினால் இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியை முழுதும் சிமென்ட் கரைசலால் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடைவெளியே தண்ணீருக்குப் புதுக்குழாயாகிவிடும். விட்டம் குறைவதால் வெள்ளம் போக இடம் போதுமா என்றும் கணக்குப் பார்க்க வேண்டும். எந்த வழியானாலும் குழாயின் வெளிப்பாதியைச் சுற்றி மணல் வடிகட்டி வையுங்கள். முன்பு கசிவைத் தடுக்கக் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் பட்டை கட்டுவார்கள். அந்தப் பட்டைக்குப் பக்கத்தில் மண்ணை இறுக்கவே முடியாததால் நீர் அதை ஒட்டியே வழி கண்டது. 1980களின் நடுவிலிருந்து அதைக் கைவிட்டு மணல் வடிகட்டிக்கு மாறிவிட்டார்கள். இன்றும் யாராவது பட்டை போதும் என்று விலைப்பட்டியல் கொடுத்தால் வேறொருவரைக் கேளுங்கள்.

கலங்கல், அதாவது ஓரத்தில் புல் போர்த்திய அகன்ற வாய்க்கால், வருடக்கணக்கில் சும்மாவே கிடக்கும். அதனால்தான் அங்கே வேலி வருகிறது, ஊஞ்சல் வருகிறது, படகு நிறுத்துமிடம் வருகிறது. நீர்க்களையைத் தின்னட்டும் என்று விட்ட புல்கெண்டை மீன் தப்பாமலிருக்கக் கோழிவலை கட்டுவார்கள். முதல் வெள்ளத்தில் இலையும் சுள்ளியும் வந்து அந்த வலையில் அப்பிக்கொண்டால் கலங்கலே கரையாக மாறிவிடும். மீனைத் தடுத்தே ஆக வேண்டுமென்றால் கிடைமட்டக் கம்பிகள், தாராள இடைவெளி, கலங்கலைவிடப் பல மடங்கு பரப்பு என்று முறையாகச் செய்து, மழைக்கு முன்னும் பின்னும் குப்பையை வாருங்கள். ரைசரின் கம்பிக்கூட்டுக்கும் இது பொருந்தும். கிளைகளால் ஓடையை அடைக்கும் பீவர் என்ற விலங்கு உள்ள ஓடையில் ஒரே இரவில் ரைசர் அடைபட்டுவிடும். ஏரி மட்டத்தை உயர்த்த ரைசர்மேல் பலகை வைப்பது இன்னொரு பழக்கம். ஒவ்வோர் அங்குலமும் வெள்ளத்துக்கு ஒதுக்கிய இடத்திலிருந்து எடுத்த அங்குலம், வைத்த பலகையை எடுத்துவிடுங்கள்.

மரத்தைப் பற்றிப் பேசினால் எச்ஓஏ கூட்டத்தில் சண்டை வரும். ஆனாலும் சொல்ல வேண்டும். காற்றில் சாயும் மரம் வேரோடு கரையில் ஒரு பள்ளத்தைப் பிடுங்கும். வெட்டிப்போட்ட மரத்தின் வேர் மக்கியபின் நீர்வழியாகும். 4 அங்குலத்துக்கும் குறைந்த தண்டென்றால் தரையோடு வெட்டிக் கட்டைக்கு மருந்து பூசலாம். பெரியது என்றால் கட்டையையும் தடித்த வேர்களையும் தோண்டி எடுத்து, குழியை அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். உள்சரிவிலோ அடியிலோ நிற்பது என்றால் ஏரியை இறக்கிவிட்டு, பொறியாளரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். கரை அடியிலிருந்து 25 அடி வெறும் புல்லாக இருக்கட்டும். மஸ்க்ராட் எலி நீர்மட்டத்துக்குக் கீழே பொந்து போடும். நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் அலையைத் தாங்கும் கல் பதித்தால் அதற்கும் அலையரிப்புக்கும் சேர்த்தே மருந்து.

அடி வால்வை வருடத்துக்கு ஒருமுறையாவது முழுதும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். பல வருடம் தொடாததை முதன்முதலில் தொடும்போது தனியாகப் போகாதீர்கள். தண்டு முறியலாம், வண்டல் மாட்டிக்கொண்டு மூடாமலே போகலாம். கீழே வெள்ளம் போகும் ஓடையில் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டுத் திறவுங்கள். ஏரியை இறக்கும் வேகம் நாளுக்கு அரை அடி முதல் ஓர் அடி. அதைவிட வேகமாக இறக்கினால் உள்சரிவு மண்ணில் தங்கிய நீருக்குத் தாங்குதல் இல்லாமல் சரிவே ஏரிக்குள் நழுவும். கரை உடையப் போகிறது என்ற நிலையில் மட்டும்தான் இந்தக் கணக்கை மீறலாம்.

உங்கள் கரை நன்றாக இருந்தாலும் மேலே இருக்கும் ஏரி எப்படி என்று கேட்டுவையுங்கள். 2015 அக்டோபரில் தென் கரோலினாவில் பெய்த மழையில் ஐம்பதுக்கு அருகில் சின்ன அணைகள் உடைந்தன. கொலம்பியா நகரை ஒட்டிய கில்ஸ் க்ரீக்கில் ஏரிக்குக் கீழ் ஏரியாக வரிசையாக இருந்தவை, மேலே உடைந்த நீர் கீழுள்ளதன் தலையில் விழ, அடுத்தடுத்துப் போயின.

அவசரத் திட்டம் ஒரே தாளில் இருந்தால் போதும். உடைந்தால் நீர் எதுவரை போகும் என்ற வரைபடம், எந்த வீடுகள், எந்தச் சாலை மூழ்கும், யார் யாரைக் கூப்பிடுவது. கரை மேல் நீர் வழிகிறது, அடியில் மண் கலங்கிய நீர் பீய்ச்சுகிறது, சரிவு நகர்கிறது என்றால் முதல் அழைப்பு அவசர எண் 911, இரண்டாவது கீழே இருக்கும் வீடுகள், மூன்றாவதுதான் பொறியாளரும் மாநில அலுவலகமும். எச்ஓஏ தலைவரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். வேடிக்கை பார்க்கக் கரைமேல் யாரும் நிற்கக் கூடாது. தாளின் ஒரு படி வால்வுச் சாவியோடு இருக்கட்டும், ஒரு படி மாவட்ட அவசர அலுவலகத்தில் இருக்கட்டும். அதிலுள்ள தொலைபேசி எண்களை வருடம் ஒருமுறை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பாருங்கள். கீழே இருக்கும் வீட்டில் வேறு யாராவது குடிவந்திருப்பார்கள்.